கம்ப்யூட்டர் ஓடவில்லையா? கண்டுபிடிப்பது நம் வேலை!

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. எழுத்தில் வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம். பேச்சின் நடுவே சகோதரிகள் கேட்ட கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு அக்கா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். "கறவை மாட்டுக் கடன் பத்திச் சொல்லுவாங்கன்னு வந்தோம், இந்தம்மா கம்ப்யூட்டர் ரிப்பேர் பத்திப் பேசுதே" என்றுதானே? சிரிங்க, பரவாயில்லை. ஆனால் இதுவும் கடன் சம்பந்தப்பட்ட விஷயம்தான். நடந்ததை முதலில் சொல்கிறேன், கேளுங்க.

இரண்டு தவணை ஏன் நின்றது?

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்க மேடம், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் வாங்கி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் பிரிண்டர் ஒன்றும் வாங்கி, வீட்டுத் திண்ணையை மறைத்து அங்கேயே வைத்தார். மனு, பயோடேட்டா, பத்திர நகல், காதுகுத்துப் பத்திரிகை என்று அடித்துக் கொடுத்து மாதம் தவறாமல் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். அவருக்கு வேலை குவிகிற மாதம் அது. ஒருநாள் காலையில் பட்டனை அழுத்துகிறார், சத்தமே இல்லை. லைட் இல்லை, ஃபேன் இல்லை. செத்த மாதிரி கிடக்கிறது. ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கடையில், "மதர்போர்டு போயிடுச்சு. ஏழாயிரத்து ஐந்நூறு ஆகும். இதுக்குச் செலவு பண்றதுக்கு நீங்க வேறயே வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டார்.

அந்த மாதத் தவணை நின்றது. அடுத்த மாதமும் நின்றது. அந்த இரண்டாவது மாதக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "ரெண்டு ஆடு வாங்கியிருந்தா இந்நேரம் குட்டியாவது போட்டிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மாதம் கடன் வேண்டியிருந்தது, குழுவில் பணம் இல்லை. அந்தச் சகோதரி பதில் பேசவே இல்லை. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்து போய்விட்டார்.

பிறகு என்ன தெரிந்தது தெரியுமா? மதர்போர்டு நன்றாகத்தான் இருந்தது. பழுதானது எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் கரண்டு டப்பா. புதுசு 1,650 ரூபாய்க்கு வாங்கினோம்.

கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரத்தில் சோதிக்காமல் சொல்லியிருக்கலாம். ஆனால் "எஸ்.எம்.பி.எஸ். மாத்திப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்க நமக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி தெரியாததால் இரண்டு தவணை நின்றது. ஒரு பெண் தன் குழுவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள். அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு.

எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள் வாங்கிய அடி

இன்னொரு கதையும் இருக்கிறது. இது என் கதை. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

சில வருஷம் முன்னால் என் வீட்டுக் கம்ப்யூட்டரும் இதேபோல நின்றது. படித்தவள் என்ற தைரியம் எனக்கு. நானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் கரண்டு டப்பாவை வெளியே எடுத்து, மேல்மூடியையும் கழற்றிவிட்டேன். இரண்டாம் வகுப்பு படித்த என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். "பிளக்கைத்தான் பிடுங்கியாச்சே" என்று உள்ளே விரலை வைத்தேன்.

அடித்ததில் என் கை பீரோவில் போய் மோதியது. சாயங்காலம் வரைக்கும் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தது. மறுநாள் டாக்டரிடம் போனேன். அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்று திட்டினார். என் வலிகூடப் பெரிதில்லை. என் மகளின் விரல் அந்த டப்பாவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "அம்மா, இது என்னம்மா?" என்று காட்டுவதற்காகக் கையை நீட்டியிருந்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் ஆரம்பத்திலேயே ஒரு கோடு போட்டுவிடுகிறேன். எது பழுது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. பழுதான டப்பாவைக் கழற்றி வேறு மாட்டுவதும் நம் வேலை. ஆனால் அந்த டப்பாவைத் திறந்து உள்ளே கைவிடுவது நம் வேலை இல்லை. இன்றைக்கு நான் சொல்லும் எல்லாமே இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

எஸ்.எம்.பி.எஸ். என்றால் என்ன?

நம் வீட்டுக்கு வரும் கரண்டு 230 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் இருந்தால் போதும். கிணற்று மோட்டார் தண்ணீரை அப்படியே நாற்றங்காலில் திறந்துவிடுவோமா? நாற்றெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். வாய்க்கால் வெட்டி, மடை வைத்து, பாத்திக்கு வேண்டிய அளவு மட்டும் விடுகிறோம் இல்லையா? அந்த மடை வேலையைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ். சி.பி.யு. பெட்டிக்குள், பின்பக்கம், ஒரு சின்ன ஃபேன் வைத்த தகர டப்பாவாக இருக்கும். பவர் கார்டு நேராகப் போய்ச் சொருகுவது அதில்தான்.

மடை அடைத்துக்கொண்டால் பயிர் வாடும். பயிர் செத்துப்போச்சு என்று அர்த்தம் இல்லை. இதுவும் அப்படித்தான்.

முதலில் வெளியே பாருங்கள்

ஸ்குரூ டிரைவர் எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஐந்து.

1. பிளக் பாயிண்டில் கரண்டு வருகிறதா? அதே பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அல்லது யு.பி.எஸ். இருந்தால் அதையும் இதேபோலப் பாருங்கள். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு "பாக்ஸ் ஸ்விட்ச்தான் போகலை" என்று தெரிந்த கதையும் நம்மிடம் உண்டு.

2. பவர் கார்டு சரியாக இருக்கிறதா? பல மானிட்டர்களுக்கும் சி.பி.யு.வுக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர் கார்டைக் கழற்றி சி.பி.யு.வில் போட்டுப் பாருங்கள். எலி கடித்திருந்தால் டேப் சுற்றாதீர்கள், புதுக் கார்டு வாங்குங்கள்.

3. டப்பாவின் பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடும் ஒரு பக்கம் வட்டமும் போட்டிருக்கும். கோடு பக்கம் அழுந்தியிருந்தால்தான் ஆன். பெருக்கும்போது கை பட்டு ஆஃப் ஆகியிருக்கலாம்.

4. சில பழைய டப்பாக்களில் 115, 230 என்று எழுதிய ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊருக்கு 230தான். பிள்ளைகள் விளையாட்டாக 115 பக்கம் தள்ளி வைத்து, நாம் கரண்டைப் போட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கும். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

5. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரின் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சொருகிப் போடுங்கள். கரண்டு ஏறி இறங்கும்போது சில டப்பாக்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே நின்றுவிடும். இப்படிச் செய்தால் திரும்ப எழுந்துகொள்ளும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் அறிகுறியைக் கவனியுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டதா, கருகிய வாடை வந்ததா? டப்பாமேல் சந்தேகப்படலாம். வேலை நடக்கும்போதே தானாக நின்று நின்று ஓடியதா? அப்போதும் டப்பா தளர்ந்திருக்கலாம். ஃபேன் எல்லாம் நன்றாகச் சுற்றுகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லையா? அப்படியென்றால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில்.

பச்சை வயரும் கறுப்பு வயரும்

இப்போது டப்பா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இதைத் தனியாகச் செய்யாதீர்கள், இரண்டு பேர் இருங்கள். ஈரக் கை கூடாது. காலில் காய்ந்த செருப்பு இருக்கட்டும். வளையலைக் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியோ செயினோ முன்னால் தொங்கினால் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சி.பி.யு. பெட்டியின் பக்கத் தகட்டை மட்டும் கழற்றுங்கள். பின்னால் இரண்டு ஸ்குரூ இருக்கும். தகர டப்பாவின் ஸ்குரூவைத் தொடாதீர்கள். டப்பாவிலிருந்து கொத்தாக வயர்கள் கிளம்பி எங்கெங்கோ போகும். எது எங்கே போகிறது என்று செல்போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக்கில் இருக்கும் கிளிப்பை அமுக்கிக்கொண்டு எடுங்கள். சி.டி. டிரைவ் இருந்தால் அதற்குப் போகும் வயரை மட்டும் விட்டுவையுங்கள். சில பழைய டப்பாக்கள் கொஞ்சமாவது சுமை இல்லாமல் ஓடாது. கணக்கு இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் வயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

கழற்றியதில் பெரிய கனெக்டர் ஒன்று இருக்கும். 24 துளை, பழையதில் 20 துளை. அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு வயர்கள் நிறைய. ஒரு சின்னத் துண்டு ஒற்றைக் கம்பி வயரை எடுத்து, இரண்டு முனையிலும் தோலைச் சீவுங்கள். ஒரு முனையைப் பச்சை வயர் துளையிலும், இன்னொரு முனையைப் பக்கத்துக் கறுப்பு வயர் துளையிலும் சொருகுங்கள். இதுவரை பிளக் வெளியிலேயே இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். இப்போது கையை எடுத்துவிட்டு, பிளக்கைச் சொருகி ஸ்விட்ச் போடுங்கள்.

முன்னால் இருக்கும் பட்டனை நாம் அழுத்தும்போது உள்ளே நடப்பதும் இதுதான். பச்சை கறுப்போடு சேர்ந்தால் "எழுந்திரு" என்று டப்பாவுக்கு உத்தரவு.

ஃபேன் நின்று நிதானமாகச் சுற்றினால் டப்பாவுக்கு உயிர் இருக்கிறது. அசையவே இல்லை, அல்லது ஒரு வெட்டு வெட்டி நின்றுவிட்டது என்றால் டப்பா போய்விட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சில புது வகை டப்பாக்களில் சூடு ஏறினால்தான் ஃபேன் சுற்றும். அதனால் ஃபேனை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

மல்டிமீட்டரில் டி.சி. 20 என்ற இடத்தில் திருகை வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனை கறுப்பு வயரில் இருக்கட்டும். சிவப்பு முனையால் ஒவ்வொரு நிறமாகத் தொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு துளையில் படக்கூடாது.

மஞ்சள் வயர் - 12 வோல்ட் (11.4 முதல் 12.6 வரை சரி)
சிவப்பு வயர் - 5 வோல்ட் (4.75 முதல் 5.25 வரை சரி)
ஆரஞ்சு வயர் - 3.3 வோல்ட் (3.14 முதல் 3.47 வரை சரி)
ஊதா வயர் - 5 வோல்ட் (பிளக் சொருகியிருந்தாலே வர வேண்டும், கம்ப்யூட்டர் ஆன் ஆக வேண்டியதில்லை)

இந்த அளவுக்குள் வந்தால் டப்பாமேல் பெரிய குறை சொல்ல முடியாது. குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று. தனியாக இருக்கும்போது நன்றாக ஓடும் டப்பா, மதர்போர்டில் மாட்டியதும் வெட்டி வெட்டி நின்றால், கோளாறு போர்டு பக்கமாக இருக்கலாம். அப்போது கடைக்காரர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சோதனை என்றால் இரண்டு பக்கமும்தான்.

எந்தக் கம்பெனி டப்பாவுக்கும் ஒரே நிறம் எப்படி என்று கேட்பீர்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்று ஒரு அளவுமுறை கொண்டுவந்தது. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஆனால் சில கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு மாதிரி கனெக்டர் வைத்திருக்கும். சில புது டப்பாக்களில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். அப்படிப்பட்டதில் ஊகத்தில் வயரைச் சொருகாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஏன் திறக்கக் கூடாது?

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுமா, சுடாதா? அதேதான். டப்பாவுக்குள் கெப்பாசிட்டர் என்று ஒன்று இருக்கிறது. நம் சீலிங் ஃபேனில் மாற்றுவார்களே கண்டென்சர், அதன் சொந்தக்காரன். கரண்டைப் பிடித்துச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை. 230 வோல்ட் ஏ.சி. உள்ளே போய் டி.சி.யாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே நிற்கலாம்.

இதில் பெரிய ஆபத்து எது தெரியுமா? நன்றாக ஓடுகிற டப்பாவில் மிச்சக் கரண்டு சீக்கிரம் வடிந்துவிடும். செத்துப்போன டப்பாவில் அது வடிய வழியில்லாமல் தங்கிவிடக்கூடும். நாம் திறக்க நினைப்பதோ செத்ததைத்தான்.

"உள்ளே பியூஸ்தான் போயிருக்கும், ஒரு கம்பியைப் போட்டா ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். வீட்டு பியூஸ் கட்டையில் கம்பி கட்டிப் பழகிய ஊர் நம் ஊர். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பியூஸ் சும்மா போகாது. உள்ளே வேறு ஏதோ கருகியதால்தான் பெரும்பாலும் அது போகும். கம்பியைப் போட்டால் அடுத்து எரியப்போவது எது என்று தெரியாது. கம்ப்யூட்டர் திண்ணையில் இருக்கிறது, திண்ணைக்கு மேலே கூரை இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுசு வாங்கி மாட்டுவது

கடைக்குப் போகும்போது பழைய டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். அளவும், ஸ்குரூ துளையும், கனெக்டரும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 12 வோல்ட் என்ற வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12ஐ அந்த எண்ணால் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட், 25 ஆம்பியர் என்றால் 300 வாட். வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது பெரிய கணக்கா? டைப் அடிக்க, கணக்கு எழுத வைத்திருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு நல்ல 300 வாட் டப்பா தாராளம். பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாட்டுவது எளிது. பிளக் வெளியே இருக்கட்டும். பின்பக்கம் நாலு ஸ்குரூ. பழையதை எடுத்துப் புதியதை வைத்து, போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு வயராகச் சொருகுங்கள். கனெக்டர் சரியான பக்கமாக இருந்தால்தான் உள்ளே போகும், முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். பலரும் மறப்பது பிராசஸருக்குப் பக்கத்தில் போகும் நாலு துளைச் சின்னக் கனெக்டரை. அதை மறந்தால் ஃபேன் ஓடும், திரையில் ஒன்றும் வராது. புதுசும் போச்சு என்று பயப்படாமல் அதைத் தேடுங்கள்.

பழைய டப்பாவைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். செம்புக்காக வயரை எரிப்பவர்களிடம் போடாதீர்கள். அந்தப் புகை பிள்ளைகள் மூச்சுக்கு ஆகாது.

மறுபடி பழுதாகாமல் இருக்க

சி.பி.யு. தகட்டைத் தொட்டால் சுருக்கென்று ஏறுகிறதா? கை தூக்குங்க... பாருங்க, இத்தனை பேர். அது சகஜம் என்று விடாதீர்கள். எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம் அது. டப்பாவில் கசியும் சிறிதளவு கரண்டு எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் தகட்டிலேயே நின்று நம்மைச் சீண்டும். மூணு பின் பிளக்கில் தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் சொருகுவது வேண்டவே வேண்டாம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுங்கள். அப்போதும் சுருக்கென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இடி மின்னல் என்றால் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கரண்டு போய் வந்ததும் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். கிரைண்டர் ஓடும் பாயிண்டில் கம்ப்யூட்டரைப் போடாதீர்கள். சி.பி.யு.வைச் சாணி மெழுகிய ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் வலைமேல் படிந்த தூசியைக் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் வெளியிலிருந்தே தட்டிவிடுங்கள். ஈரத்துணியும் கம்பியும் உள்ளே போகக் கூடாது. பின்பக்கம் மூடி இல்லாத ஓட்டை இருந்தால் அடையுங்கள். பல்லி நுழைந்து, தானும் செத்து, டப்பாவையும் சாகடித்த சம்பவம் உண்டு.

சகோதரிகள் கேட்டவை

"கம்ப்யூட்டர் நின்னா உள்ள இருக்கிற குழுக் கணக்கெல்லாம் அழிஞ்சிடுமா மேடம்?"

விளக்கு அணைந்தால் வீட்டில் இருக்கும் சாமான் காணாமல் போகுமா? கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்க்கில். டப்பா போனால் பெரும்பாலும் அது பத்திரமாகவே இருக்கும். கரண்டு ஏறி அடித்தால் சில சமயம் அதுவும் போகலாம். அதனால் மாதக் கூட்டம் முடிந்ததும் பென் டிரைவில் ஒரு நகல், பேரேட்டில் கையால் ஒரு பதிவு. கடையில் கொடுக்கும்போது "கணக்கை அழிக்கக் கூடாது" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

"நானூறு ரூபாயில பழைய டப்பாவையே ரிப்பேர் பண்ணித் தர்றேங்கறாங்களே?"

தெரிந்தவர் செய்தால் தப்பில்லை. கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, பழுதான பாகத்தை மாற்றி, சுமை கொடுத்து ஓட்டிப் பார்த்து, வோல்ட் அளந்து காட்டித் தருகிறாரா என்று கேளுங்கள். காட்டமாட்டேன் என்றால் வேண்டாம். சரியில்லாத டப்பா மதர்போர்டையும் கெடுத்துவிடும். நானூறு மிச்சம் பிடிக்கப்போய் நாலாயிரம் போகும்.

"ஆம்பளைங்க இல்லாம நாமளே இதெல்லாம் செய்யலாமா?"

உங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவது யார்? எல்லோரும் கை தூக்குகிறீர்கள்! ரெகுலேட்டர் மாட்டி, கசிகிறதா என்று முகர்ந்து பார்த்துப் பற்றவைக்கிறவர்களுக்கு நாலு ஸ்குரூ என்ன பெரிசு? 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது பேங்க் செலான் நிரப்பத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கற்றுக்கொண்டுதானே வந்தோம். கூடாது என்பது ஒன்றே ஒன்றுதான். டப்பாவைத் திறப்பது. அது ஆணுக்கும் கூடாது, பெண்ணுக்கும் கூடாது.

நாம் எடுக்க வேண்டிய தீர்மானங்கள்

பேச்சோடு நின்றால் பிரயோஜனம் இல்லை. மூன்று விஷயத்தைக் கூட்டமைப்பின் முன் வைக்கிறேன். ஒன்று, கூட்டமைப்புச் செலவில் ஒரு மல்டிமீட்டரும் ஸ்குரூ டிரைவர் செட்டும் வாங்கி அலுவலகத்தில் வைப்போம், வேண்டிய குழு நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகட்டும். இரண்டு, பஞ்சாயத்துக்கு இரண்டு பேர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துப் பழகட்டும், நான் கூட இருக்கிறேன். மூன்று, ஆடு மாடு வாங்கக் கடன் கொடுத்தால் இன்சூரன்ஸ் போடச் சொல்கிறோம் இல்லையா? தையல் மெஷின், கிரைண்டர், கம்ப்யூட்டர் வாங்கக் கடன் கொடுத்தால் மாதம் 100 ரூபாய் ரிப்பேர் சேமிப்பு என்று தனியாகப் போடச் சொல்லுவோம். அந்தச் சகோதரி வருஷத்துக்கு 1,200 ரூபாய் ஒதுக்கியிருந்தால் அந்த இரண்டு தவணையும் நின்றிருக்காது.

அவர் கதையை முடிக்கவில்லையே. சோதனை செய்த அன்று அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் படிப்படியாகச் சொன்னேன், பச்சைக்கும் கறுப்புக்கும் வயரைச் சொருகியது அவர் கைதான். ஃபேன் அசையவில்லை. மீட்டரில் ஊதா வயர் பூஜ்யம். "அப்ப போர்டு போகலையா மேடம்?" என்று கேட்டார். "இருக்கலாம், மாத்தினாத்தான் தெரியும்" என்றேன். 1,650 ரூபாயை அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? "ஆடு வாங்கியிருக்கலாம்" என்று சொன்ன அதே அக்காதான். மறுநாள் புதுசு மாட்டி பட்டனை அழுத்தினார். லைட் எரிந்தது.

மூன்று மாதத்தில் பாக்கித் தவணையும் கைமாற்றும் அடைந்துவிட்டது. போன மாதம் பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு கம்ப்யூட்டர் நின்றபோது, என்னைக் கூப்பிடவில்லை, இவரைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தார். பவர் கார்டு லூஸ். சொருகிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.